ஊஞ்சக்காட்டுப் பிரிவில் திறந்த கண்

ஊஞ்சக்காட்டுப் பிரிவில் நடுரோட்டில் கண் திறந்த காலையில் அதை முதலில் பார்த்தவர் மினி பஸ் டிரைவர் தனபால். பார்த்தவர் வண்டியை நிறுத்தவில்லை, ஏனென்றால் அந்தப் பிரிவில் எதற்காகவும் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை, நாய் செத்துக் கிடந்தாலும் ஆள் செத்துக் கிடந்தாலும் தார் ரோடே கண் விழித்துப் பார்த்தாலும் ஸ்டியரிங்கை ஒரு ஒடி ஒடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. "நம்ம பிரிவுல ரோட்டுல ஒரு கண்ணு இருக்குதுங்க," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அவரும், "அப்படிங்களா? மூடி மூடித் தெறக்குதா, சும்மா முழிச்சுக்கிட்டே இருக்குதா?" என்று விவரம் கேட்டுக்கொண்டார்.

அந்தப் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெற்கு வடக்காக நாலுவழிச் சாலை ஓடுகிறது, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஊஞ்சக்காட்டிலிருந்து நூல் மில்லுக்கு ஒரு தார் ரோடு போகிறது. ரோடு போட்டவர்கள் பாலம் வரும் என்றார்கள், வரவில்லை. சிக்னல் வரும் என்றார்கள், வரவில்லை. வேகத்தடையாவது போடுங்கள் என்றால் நாலுவழிச் சாலையில் வேகத்தடை போடக் கூடாது என்று சட்டம் பேசினார்கள், சாவதற்கு மட்டும் சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை போலிருக்கிறது. 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு பலகை நட்டார்கள், அந்தப் பலகைமேலேயே ஒரு லாரி ஏறி, அது குப்புறச் சாய்ந்து மண்ணைப் பார்த்து எச்சரித்துக்கொண்டு கிடந்தது. மாசம் தவறினாலும் அங்கே பிணம் விழுவது தவறாது. விழுந்தால் ஊர்க்காரர்கள் ஓடி வருவார்கள், போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள், ரத்தத்தின்மேல் ஒரு சட்டி மண்ணைக் கொட்டுவார்கள், விதி என்பார்கள், மறுநாளே அதே பிரிவில் அதே வேகத்தில் ராங் சைடில் வருவார்கள். சரியான பக்கமாகப் போனால் சுற்றிக்கொண்டு வர வேண்டும், பெட்ரோல் வீண்.

இப்படிப்பட்ட ஊரில் ரோட்டைப் பார்த்துத் தாண்டுகிற ஒரே ஆள் முட்டைக்காரர் அத்தியப்பன். கோழிப் பண்ணையில் முட்டை எடுத்து, மொபெட்டின் பின்னால் அட்டை அட்டையாக அடுக்கி, ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மில் பக்கத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். பிரிவுக்கு வந்ததும் காலை ஊன்றி நிற்பார், வலது பக்கம் பார்ப்பார், இடது பக்கம் பார்ப்பார், மறுபடியும் வலது பக்கம் பார்ப்பார், அதற்குள் பின்னால் வந்தவன் ஹாரனை அமுக்கி அவருடைய பாட்டன் பூட்டன் எல்லாரையும் எழுப்பிவிடுவான். "முட்டைக்காரண்ணன் ரோடு தாண்டறாரா, பொண்ணு பாக்கறாரா?" என்று பேக்கரியில் கேலி பேசுவார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "நான் உழுந்தா எந்திரிச்சுக்குவனுங்க, முட்டை உழுந்தா எந்திரிக்குமா?" என்று சிரித்துவிட்டுப் போவார். கோபமெல்லாம் அவர் பெண்சாதி பாவாயிக்கு. அவருக்குச் சேர வேண்டிய கோபத்தையும் சேர்த்துக் கடவுள் அவள் மூக்குமேல் வைத்து அனுப்பியிருந்தார்.

அவர் செத்த அன்றும் பார்த்தார். வலது பார்த்தார், இடது பார்த்தார், மறுபடி வலது பார்த்தார், பார்க்க வேண்டிய பக்கமெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் இறங்கினார். வரவே கூடாத பக்கத்திலிருந்து, ராங் சைடில், காதில் போனை வைத்துக்கொண்டு ஒருவன் காரில் வந்தான். பார்த்தவர் செத்தார், பார்க்காதவன் ஜாமீனில் வந்தான். முட்டை அத்தனையும் உடைந்து சித்திரை வெயிலில் தாரோடு தாராக வெந்து ஒட்டிக்கொண்டது.

பாவாயி தான் வேலை பார்க்கிற கோழிப் பண்ணையிலிருந்து ஓடி வருவதற்குள் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனால் பிணவறைக்குள் விடவில்லை, மறுநாள் தலையிலிருந்து கால்வரை துணி சுற்றித்தான் கொடுத்தார்கள். செத்தவர் கண்ணை வீட்டு ஆட்கள் கையால் மூடி அனுப்புவது அந்தப் பக்கத்து வழக்கம். மூடாமல் அனுப்பினால் போகிறவர் போகிற வழியைப் பார்க்காமல் விட்டு வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார் என்பார்கள். "எங்கூட்டுக்காரரு கண்ணு மூடியிருக்குதுங்களா?" என்று பிணவறை ஆளிடம் கேட்டாள். "எல்லாங் கட்டியாச்சும்மா, இனிப் பிரிக்கக் கூடாது," என்றான் அவன். வீட்டு வாசலில் ஆம்பளைகளிடம் கேட்டாள், நேரமாகிவிட்டது என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். புருஷன் போனது ஒரு துக்கம், அவர் கண்ணை மூடினார்களா இல்லையா என்று தெரியாதது அதைவிடப் பெரிய துக்கமாக அவள் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

கருமாதி முடிந்த மறுநாள் கண் திறந்தது. சேதி கேட்டுப் பாவாயி பிரிவுக்குப் போனபோது நாலு பக்கமும் வண்டிகள் சீறிக்கொண்டு போக, முட்டை வெந்து ஒட்டிய அதே இடத்தில், சோற்றுத் தட்டு அகலத்துக்கு, சுற்றிலும் வெள்ளையும் நடுவில் கறுப்புமாக ஒரு இடது கண் விழித்துக் கிடந்தது. டயர் பக்கத்தில் வந்தால் தார் இமை மூடிக்கொள்ளும், டயர் போனதும் திறந்துகொள்ளும், தூசி விழுந்து விழுந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. வெள்ளையில் மூக்கோரமாக ஒரு பழுப்பு மச்சம். அத்தியப்பன் கண்ணில் அது மிளகளவு இருக்கும், இங்கே புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கண் வலது பக்கம் பார்த்தது, இடது பக்கம் பார்த்தது, மறுபடி வலது பார்த்தது, அப்புறம், உயிரோடு இருந்தபோது செய்யாத ஒன்றாக, மறுபடி ஒரு தரம் இடது பக்கம் பார்த்தது.

"நெனச்சேன் மாமா," என்றாள் பாவாயி. "மூடாமத்தான் அனுப்பிப்போட்டானுக."

நடுரோட்டில் மண்டிபோட்டு இமைமேல் கையை வைத்து மூடப் பார்த்தாள். கண் மூட மறுத்தது. அவளுடைய விரலிடுக்கு வழியாக வடக்கே பார்த்துப் பதறியது, அவள் தலை தூக்கினாள், வடக்கிலிருந்து ஒரு லாரி வந்துகொண்டிருந்தது, அவள் எழுந்து ஓடி ஒதுங்கினாள். ஓரத்தில் நின்று மூச்சு வாங்கும்போது அவளுக்குப் புரிந்தது. இந்தப் பிரிவில் பார்ப்பதற்கு வேறு ஆள் இல்லை, அதனால்தான் அவர் பார்க்கிறார். மற்றவர்கள் பார்க்கத் தொடங்கினால்தான் அவர் கண்ணை மூடுவார். அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஒரு வேலைதான் வேலை.

ஊர் அந்தக் கண்ணைப் பழகிக்கொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை. நல்லதைப் பழகத்தான் நாளாகும், இலவசத்தைப் பழகவா நாளாகும்? கண் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமிருந்து வண்டி வருகிறது என்று முதலில் பேக்கரிக்காரர் கண்டுபிடித்தார், கொஞ்சம் விரிந்தால் கார், முழுசாக விரிந்தால் லாரி, சிவந்தால் ராங் சைடு என்று அவரே அர்த்தமும் சொன்னார். அவ்வளவுதான், ஊஞ்சக்காட்டுக்காரர்கள் பிரிவுக்கு வந்தால் கழுத்தைத் திருப்புவதையே விட்டுவிட்டார்கள். குனிந்து கண்ணைப் பார்ப்பார்கள், கண் நேராக நின்றால் முறுக்கிக்கொண்டு போவார்கள், அப்படிப் போகும்போதே போனும் பேசலாம், மடியில் வைத்து முறுக்கும் தின்னலாம். மில்லுக்குப் போகிற பெண்கள் நாலு பேர் ஒரே ஸ்கூட்டியில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு தாண்டினார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், பிணம் விழுவது நின்றது. ஆடி வந்தது, ஆவணி வந்தது, ஐப்பசியும் வந்தது, பிரிவில் ஒரு சாவு இல்லை. அத்தியப்பன் செத்தும் ஊரைக் காப்பாற்றுகிறார் என்று பாவாயியைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"செத்தவரு காப்பாத்தறாரு, செரி," என்றாள் பாவாயி. "உசுரோட இருக்கற நீங்கெல்லாம் என்ன பண்றீங்க?"

தினமும் பண்ணை வேலை முடிந்ததும் அவள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய், வண்டிகளுக்கு நடுவில் நின்று, கண்ணைக் கழுவி முந்தானையால் ஒற்றுவாள். தூசி, டீசல் புகை, வெற்றிலை எச்சில், எல்லாம் வரும். "வழியை விடு பொம்பளை!" என்று ஹாரன் அடிப்பார்கள், அவள் நிமிர்ந்து கெட்ட வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுக் குனிந்து ஒற்றுவாள். அவளோடு துணைக்கு வந்தது நவநீதம் ஒருத்திதான். மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற வேலை, மாப்பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தவள், ஷிப்டுக்குப் போகும்போது ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, வண்டி வந்தால் கையை நீட்டி மறித்துக்கொண்டு நிற்பாள். வண்டி கிளப்பும்போது, "அண்ணா, நான் போறேன், பாத்துக்குங்க," என்று கண்ணிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

"அவரு பாக்கறது இருக்கட்டும், நீ பாத்துப் போ அம்மிணி," என்பாள் பாவாயி.

"அண்ணன் இருக்கறப்ப எனக்கென்னக்கா," என்று சிரிப்பாள் நவநீதம்.

பாவாயி ஊராட்சித் தலைவர் சென்னியப்பனிடம் போனாள். அவரை அழைத்துக்கொண்டு ரோட்டு ஆபீசுக்குப் போனாள். சிக்னல் வையுங்கள், வேகத்தடை போடுங்கள், ராங் சைடில் வருகிறவனைப் பிடியுங்கள், எங்கூட்டுக்காரர் கண்ணை மூட வேண்டும் என்றாள். ஆபீசர் நல்ல மனுஷர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ஊஞ்சக்காட்டுப் பிரிவுக்கு ஒரு சிக்னல் ஒதுக்கித்தான் இருந்தது, ஆனால் போன ஆறு மாதத்தில் அங்கே ஒரு விபத்தும் இல்லாததால் அதை வேறு ஊருக்கு மாற்றிவிட்டோம் என்றார். "உங்க ஊருக்குத்தான் கண்ணே இருக்குதேம்மா. கண் இல்லாத ஊர் எத்தனை இருக்கு, நெனச்சுப் பாருங்க," என்றார்.

"ஏனுங்க சார்," என்றாள் பாவாயி, "அப்ப ஒவ்வொரு ஊருலயும் ஒருத்தன் செத்துக் கண்ணு முழிச்சாப் போதும், உங்குளுக்கு வேலையே இல்லைங்க."

வெளியே வந்ததும் சென்னியப்பன் அவளைக் கண்டித்தார். "ஆபீசர்கிட்ட அப்படிப் பேசலாமா பாவாயி? உன்ற புருஷன் சாதாரண ஆளா இப்ப? அவருக்கு நான் பண்றேன் பாரு," என்றார். அவர் சொன்னால் செய்கிறவர்.

முதலில் 'முட்டைக்காரச் சாமி' என்று சும்மா ஒரு சூடம் கொளுத்திக்கொண்டிருந்ததற்கு அவர் 'மார்க்க நேத்ரேஸ்வரர்' என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததும் வெளியூர் வண்டிகள் வந்தன. புது லாரி வாங்கியவன் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கக் கண்ணுக்குப் பக்கத்தில் வந்தான், நசுங்கிய பழத்தின் சாறு கண்ணில் தெறித்தது. பாலைக் கொட்டினார்கள், மஞ்சள் தண்ணீர் கொட்டினார்கள், ஊரையே பார்க்கிற கண்ணாயிற்றே என்று நிஜமாகவே விளக்கெண்ணெய் விட்டார்கள், சில்லறைக் காசு விட்டெறிந்தார்கள், கண் இமைத்து இமைத்து எரிச்சலில் சிவந்தது, சிவந்ததைப் பார்த்து ராங் சைடில் வண்டி வருகிறதென்று ஓடினார்கள். அதன்பிறகு கண் சொல்வது ஒன்று, இவர்கள் புரிந்துகொள்வது ஒன்று என்று ஆகிவிட்டது, ஆனாலும் யாரும் கழுத்தைத் திருப்பவில்லை. டிரைவர்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்கள். பிரிவு வந்ததும் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, கண்ணை மூடி, கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். கண்ணுக்கு முன்னால் வந்து கண்ணை மூடிக்கொள்கிற ஊரைப் பாவாயி அன்றுதான் பார்த்தாள்.

"கையை எடுக்காதீங்கடா! கும்புடற நேரத்துல பிரேக்குமேல காலை வையுங்கடா!" என்று ஓரத்தில் நின்று கத்துவாள். தனபால்கூட மினி பஸ்ஸிலிருந்து, "ரெண்டே செகண்டுதானுங்கக்கா, சாமி கோவிச்சுக்கும்," என்று சொல்லிக் கும்பிட்டுக்கொண்டே போவார்.

நடுரோட்டில் கோயில் கட்ட முடியாது என்பதால் சென்னியப்பன் பிரிவின் வடமேற்கு மூலையில், ஊஞ்சக்காட்டு ரோடு வந்து சேருகிற இடத்தில், ஒரு கல் மண்டபம் கட்டினார். ஆளாளுக்கு உபயம் கொடுத்தார்கள், கொடுத்தவர் பெயரையெல்லாம் கருங்கல் பலகையில் வெட்டித் தரையில் பதித்தார், எல்லாவற்றிலும் பெரிய பலகையில் தன் பெயரை வெட்டி வாசலில் வைத்தார். மண்டபத்துச் சுவர் எழும்பியதும், ஊர் ரோட்டிலிருந்து வருகிறவனுக்கு வடக்கே நாலுவழிச் சாலை தெரியாமல் போயிற்று. மண்டபத்துக்கு மேலே கும்பாபிஷேக பேனர் கட்டியதும் வானமும் தெரியாமல் போயிற்று. பாவாயி பண்ணை முட்டை அட்டைகளைச் சுமந்தபடியே, "ஏனுங்க, வடக்கால வர்ற வண்டி தெரியலைங்க, இந்தச் செவுத்தைச் சித்தெ தள்ளிக் கட்டுங்க," என்று சொல்லப் போனாள். மேஸ்திரி தடுத்துவிட்டார். கோயில் எல்லைக்குள் முட்டை வரக் கூடாதாம். தலைவர் உத்தரவாம்.

பாவாயி அட்டையைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றாள். முட்டைக்காரருக்குக் கட்டுகிற கோயிலில் முட்டைக்கு இடமில்லை, பார்க்கிறவருக்குக் கட்டுகிற கோயிலால் பார்வைக்கு இடமில்லை. கோபத்தில் அவளுக்குக் கண்ணீர்கூட வரவில்லை.

கும்பாபிஷேகத்தன்று சென்னியப்பன் வெள்ளிக் கவசம் கொண்டுவந்தார். கண் அளவுக்குச் செய்த வட்டத் தகடு, அதில் கண்ணும் இமையும் புருவமும் அழகாகச் செதுக்கியிருந்தது. மேளம் கொட்ட, வண்டிகளை நிறுத்திவிட்டு, நடுரோட்டில் அதை வைத்து நாலு பக்கமும் ஆணி அறைந்தார்கள். பாவாயி ஓடிப்போய், "கண்ணை மறைச்சா எப்படிங்க பாக்கும்?" என்று கேட்டாள். "வெள்ளிக் கண்ணு பாக்கும் பாவாயி, இது அதைவிட ஜொலிக்குது பாரு," என்றார் சென்னியப்பன். நாலு பெண்கள் அவளைச் சமாதானம் சொல்லி இழுத்துக்கொண்டு போய் மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். கவசத்தின் அடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்து தாரில் ஓடியது, அபிஷேகத் தீர்த்தம் என்று அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மேளம் நின்றதும் வண்டிகளைப் போக விட்டார்கள். அன்னதானத்துக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள், உச்சி வெயில். நவநீதம் மதிய ஷிப்டுக்குக் கிளம்பி ஸ்கூட்டியில் தனியாக ஊர் ரோட்டில் வந்தாள். பிரிவில் வேகத்தைக் குறைத்துக் கண்ணைப் பார்த்தாள். வெள்ளிக் கண் நேராக நின்றது. செதுக்கிய கண் நேராகத்தானே நிற்கும். "அண்ணா, போறேன், பாத்துக்குங்க," என்று சொல்லியிருப்பாள். மண்டபத்துச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அன்னதானத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மினி பஸ் வந்தது. தனபால் புது வெள்ளியைப் பார்த்துப் பரவசப்பட்டு, இரண்டு கையையும் தூக்கி, கண்ணை மூடினார்.

பாவாயி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அத்தியப்பன் செத்தபோது கேட்காத சத்தத்தை இப்போது கேட்டாள். ஓடிப்போய் நவநீதத்தின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது, கண் இரண்டும் திறந்தே இருந்தன. இந்தத் தடவை பாவாயி யாரையும் கேட்கவில்லை, தன் கையால் மூடினாள். தனபால் பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டார். "கும்புட்டனுங்கக்கா, கும்புட்டதுதானுங்க தப்பு, ரெண்டே செகண்டு," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆம்புலன்ஸ் வந்து நவநீதத்தைக் கொண்டுபோனது. கூட்டம் கலையவில்லை. கெட்ட நேரத்தில் ஆணி அடித்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், பெண்ணுக்கு ஜாதகத்தில் கண்டம் இருந்தது என்று ஒருவர் சொன்னார், பஸ் வேகம் என்று யாரும் சொல்லவில்லை, சுவர் என்று யாரும் சொல்லவில்லை, கையை எடுத்தது தப்பு என்று தனபாலைத் தவிர ஒருவரும் சொல்லவில்லை. அப்போது பேக்கரிக்காரர் ஒன்றைப் பார்த்தார். நவநீதம் விழுந்த இடத்தில், ரத்தத்தின்மேல் கொட்டிய மண் விலகி, தார் லேசாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது, கீற்றாக ஒரு வெள்ளை தெரிந்தது.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. சென்னியப்பன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "சாமி ஒத்தைக் கண்ணா இருந்தது கொறையாத்தான் இருந்துச்சு," என்றார். "இன்னொண்ணும் தெறந்துட்டா ஜோடியாயிரும். இந்தப் பக்கத்துல ரெட்டைக் கண்ணு எந்த ஊருலயும் கெடையாது."

தட்டிலிருந்து பூவை எடுத்துத் தூவினார்கள். யாரோ மேளக்காரரைக் கூப்பிட்டார்கள். ரத்தம் காயாத ரோட்டில் மேளச் சத்தம் கேட்டதும் பாவாயிக்குள் இத்தனை நாள் பொறுத்துக் கிடந்தது பொட்டென்று அறுந்தது.

மண்டபத்தில் கிடந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அவள் நடுரோட்டுக்கு வந்தாள், கூட்டம் தானாக விலகியது, கவசத்துக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள், ஆணியெல்லாம் தெறித்தன, வெள்ளியைத் தூக்கிச் சென்னியப்பன் காலடியில் எறிந்தாள். உள்ளே கண் வீங்கி, ரத்தமாகச் சிவந்து, தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அது பாவாயியைப் பார்க்கவில்லை. நவநீதம் விழுந்த இடத்தையே பார்த்தது. அத்தியப்பன் தோற்றுப்போனவர் முகத்தோடு அவளுக்கு முன்னால் கிடப்பதாகத் தோன்றியது, அவளால் தாங்க முடியவில்லை.

ரோட்டுக்குக் குறுக்கே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாலு பக்கமும் வண்டிகள் வந்து நின்றன, லாரி, பஸ், கார், சிமெண்ட் வண்டி, ஹாரன் காதைக் கிழித்தது, அவள் அசையவில்லை. அந்தப் பிரிவில் நாலு ரோடும் நின்றது அதுதான் முதல் தடவை.

"மாமா," என்றாள். "போதும். நீங்க பாத்தது போதும். உசுரோட இருந்தப்பயும் நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க, செத்தும் நீங்கதான் பாக்கோணுமா? இந்தக் குருட்டுப் பயலுகளுக்காக நீங்க பாத்துப் பாத்துத்தான் இவனுக பாழாப் போனானுக. மூடிக்குங்க."

இடது கையை அந்தக் கண்ணின்மேல் வைத்தாள். வலது கையை நீட்டி நவநீதம் விழுந்த இடத்தில் வெள்ளைக் கீற்றின்மேல் வைத்தாள். "நீ தெறக்கவே வேண்டாம் அம்மிணி," என்றாள், அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது, மேளம் நிற்க, ஹாரன் நிற்க, பேர் வைத்த சாமியும் பேர் வைக்காத சாமியும் கேட்கிற மாதிரி வாய்விட்டு அழுதாள். "நீ மில்லுக்குப் போவோணும்னு கெளம்புன புள்ளை. உன்னைய இங்க படுக்க வச்சுக் காவல் காக்கச் சொல்லுவானுக. தெறக்காத."

உள்ளங்கைக்கு அடியில் முதலில் சின்னக் கீற்று அடங்கியது. அப்புறம் பெரிய இமை மெதுவாக, ரொம்ப நாள் தூக்கம் கெட்டவன் இமை போல, கனத்து இறங்கி மூடியது. அவள் கையை எடுத்தபோது அங்கே வெறும் தார்தான் இருந்தது, கொஞ்சம் ஈரமாக.

கூட்டத்துக்கு அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. "அய்யய்யோ, மூடிப்போட்டாளே," என்று பேக்கரிக்காரர் அலறினார். "இனி ஆரு பாக்கறது?"

பாவாயி எழுந்து நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"உன்ற மூஞ்சில இருக்கறது என்ன, பொத்தலா?" என்றாள்.

தனபால் எழுந்தார், அவள் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார், நேராக மண்டபத்துக்குப் போய் வடக்குச் சுவரில் ஓங்கிக் குத்தினார். அவரைத் தடுக்கப் போன மேஸ்திரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். சுவர் விழுந்ததும் வடக்கே ரோடு நெடுக வெயிலில் தெரிந்தது, எத்தனை தூரம் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். பிறகு, முன்பெல்லாம் நவநீதத்தோடு ஒரே ஸ்கூட்டியில் மில்லுக்குப் போய்வந்த பெண்கள் மூவரும் வந்து, தரையில் பதித்த உபயப் பலகைகளைப் பெயர்த்துச் சுமந்துகொண்டு போய், நாலு ரோட்டிலும் குறுக்கே வரிசையாக அடுக்கத் தொடங்கினார்கள். நின்றுபோன லாரிகளின் டிரைவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர்களும் இறங்கி வந்து பிடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் சிமெண்ட் குழைத்துப் பூசி முடித்துவிட்டார்கள். சென்னியப்பன் பெயர் வெட்டிய பெரிய பலகையை எங்கே போடுவது என்று தனபால் கேட்டார். வடக்கே, ராங் சைடு வருகிற பக்கமாகப் போடச் சொன்னாள் பாவாயி.

அடுத்த வாரம் ரோட்டு ஆபீசிலிருந்து ஜேசிபி வந்தது, சட்டத்தில் இல்லாத வேகத்தடையை எடுப்பதற்கு. ஜேசிபி டிரைவர் இறங்கிப் பார்த்தான், ஒவ்வொரு பலகையிலும் மேலே ஓம் என்று வெட்டி, சாமி பெயர் வெட்டி, அதற்குக் கீழே உபயக்காரர் பெயர் வெட்டியிருந்தது. சாமிக் கல்லில் நான் கை வைக்க மாட்டேன், எனக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு யாரும் வரவில்லை. இப்போதும் வடக்கிலிருந்து வருகிற எந்த லாரியும் சென்னியப்பன் பெயர்மேல் ஏறி இறங்கித்தான் வேகத்தைக் குறைக்கிறது, அந்தச் சத்தம் அவர் வீட்டு வாசல்வரை கேட்கிறது, அவர் அந்த வழியாகப் போவதில்லை.

பாவாயி அத்தியப்பனின் மொபெட்டைச் சரிபண்ணி எடுத்துக்கொண்டாள். முட்டை அட்டைகளை அடுக்கி, ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பிரிவுக்கு வந்து காலை ஊன்றி நிற்கிறாள். வலது பக்கம் பார்க்கிறாள், இடது பக்கம் பார்க்கிறாள், மறுபடி வலது பக்கம் பார்க்கிறாள், அப்புறம் ராங் சைடில் வருகிறவனுக்காக மறுபடி ஒரு தரம் இடது பக்கம் பார்க்கிறாள். ஒருநாள் வெளியூர்க்காரன் ஒருவன் பின்னாலிருந்து ஹாரன் அடித்தான். அவள் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, இறங்கி, நிதானமாக நடந்துவந்து அவன் கார் கண்ணாடியைத் தட்டினாள். அவன் இறக்கினான்.

"அடி," என்றாள். "அடிச்சு முடி. நான் நிக்கறேன்."

அவன் அடிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் தனபாலின் மினி பஸ் நின்றது, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. அதற்குப் பின்னால் மில் பெண்கள் நின்றார்கள், அதற்குப் பின்னால் பேக்கரிக்காரர் நின்றார். பாவாயி திரும்பி வந்து வண்டியில் ஏறி, முதலிலிருந்து, வலது பக்கம் பார்க்கத் தொடங்கினாள். அவள் பார்த்து முடிக்கும்வரை ஊர் நின்றது.